கல் வைத்த கூடை

எங்கள் கரையில் பூட்டு குறைவு, கல் அதிகம். கடல் கொண்டுவந்து ஒதுக்குகிற மரத்தையோ கயிற்றுச் சுருளையோ முதலில் பார்க்கிறவர், அலை எட்டாத இடத்துக்கு அதை இழுத்துப் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு வாரம் கழித்து வந்தாலும் அது அங்கேயே கிடக்கும். கல் இருந்தால் அதற்கு ஆள் உண்டு. கல் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் ஸ்கார்விக்கில் நடை பழகுகிற பிள்ளைக்கும் இது தெரியும்.

ரூபன் ஹாஸ்க்குக்கு இதுவே வினையாகிவிட்டது. அந்தப் பனிக்காலத்தில் நார்வேக்காரக் கப்பல் ஒன்று பாறையில் மோதி உடைந்தது. அதன் மரங்களை ஹல் துறைமுகத்து வியாபாரி ஒருவர் ஏலத்தில் எடுத்து, ஆள் வைத்துக் கரையில் அடுக்கினார். வெளியூர்க்காரர், கல் வைக்கத் தெரியவில்லை. ரூபன் அந்த அடுக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறான். எங்கும் கல் இல்லை. அவன் படகில் அடிப்பலகை இற்றுப்போயிருந்தது. பட்டப்பகலில், சீட்டியடித்துக்கொண்டே, பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியாக வீட்டுக்கு வந்தான்.

"மேல கல்லு இல்லீங்களே ஐயா" என்று நீதிமன்றத்தில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். முன்பே ஒருமுறை பண்ணையார் காட்டில் முயல் பிடித்து அகப்பட்டவன் என்பதால், சிரிப்பு அடங்கியதும் ஏழு வருடம் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தல் என்று தீர்ப்பானது.

அவன் கப்பலேறிய பிறகுதான் அவன் மனைவி டாமரிஸுக்குத் தான் முழுகாமல் இருப்பது உறுதியாயிற்று. பெண் குழந்தை பிறந்தது. திர்சா என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒருத்தி பிறந்திருப்பது அவள் அப்பனுக்குத் தெரியாது. பாதிரியார் மனைவி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அது போய்ச் சேர்ந்ததா, வழியில் கடல் குடித்ததா என்று சொல்ல ஆள் இல்லை.

வீட்டில் மிச்சம் இருந்தவள் ரூபனின் அக்கா கெசையா. கல்யாணம் ஆகாதவள். வீடு அவள் அப்பா விட்டுப்போனது. வாய் கொஞ்சம் உப்பு. தம்பி போன பிறகு நாத்தனாரும் தம்பி மனைவியும் பக்கத்து வீட்டு எஸ்ராவின் படகுக்கு இரை கோர்த்துக் கொடுத்துப் பிழைத்தார்கள்.

இரை கோர்ப்பது லேசான வேலையில்லை. விடிந்ததும் கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் பாறைக்குப் போய், கத்தியால் பாறையில் ஒட்டிய மட்டியையும் சிப்பியையும் பெயர்த்துக் கூடையில் நிரப்பித் தலையில் சுமந்து மேட்டுப்பாதை ஏற வேண்டும். ஈரச் சிப்பிக் கூடையைத் தன்னந்தனியாகத் தலையில் ஏற்ற முடியாது. ஒருத்தி குனிய, இன்னொருத்தி தூக்கிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து மட்டியையும் சிப்பியையும் உடைத்து, சதையைத் தோண்டி, நீளக் கயிற்றில் தொங்குகிற தூண்டில் முள் ஒவ்வொன்றிலும் குத்தி, முள் சிக்காதபடி தட்டைக் கூடையில் வளையம் வளையமாக அடுக்க வேண்டும். டாமரிஸ் மேட்டுநிலத்தில் ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பெண். கட்டி வந்த புதிதில் அவள் விரல் ரத்தமும் மட்டித் தண்ணீருமாகத்தான் இருக்கும். இப்போது கெசையாவுக்குச் சமமாகக் கோர்த்தாள். அதை கெசையா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மார்ச் மாதம். கடல்மூட்டம் தெருவுக்குள் புகுந்து எதிர்வீட்டை மறைத்திருந்தது. அடுப்பில் கடல் ஒதுக்கிய நிலக்கரி புகைந்தது. பிள்ளை முதுகில் தூங்க, டாமரிஸ் கோர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இரை கோக்கியா, எருமுட்டை தட்டுதியா? முள்ளு நுனி வெளிய தெரியுது. மீனுக்குக் கண்ணு பொட்டையா?" என்றாள் கெசையா.

"தெரிஞ்சா என்ன மதினி? நீங்களா கடிக்கப் போறீங்க?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கைக்கும் கொஞ்சம் குடு."

டாமரிஸ் அந்த முள்ளைத் திருப்பிக் கோர்த்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்.

"எஸ்ரா மாமா மருமகன் திமிங்கில வேட்டைக்குப் போயிட்டு வந்திருக்கான்லா."

"வந்தான். வந்ததுலேருந்து சாராயக்கடையிலதான் நங்கூரம் போட்டிருக்கான்."

"சிட்னியில கரையேறிப் பாத்திருக்கான். கைதியாப் போற பொம்பளைய, அவ புருசன் அங்க ஒழுங்கா இருந்தா, அவன்கூடவே குடியிருக்க விடுதாங்களாம்."

கெசையாவின் கத்தி மட்டி வாயில் நின்றது. "அதுக்கு?"

"நானும் கைதியாப் போறேன்."

"என்னட்டி, புத்தி கித்தி பிசகிப் போச்சா?"

"நேர் வழியில கேட்டுப் பாத்தாச்சே மதினி. பாதிரியாரம்மாதான சர்க்காருக்கு எழுதிக் கேட்டாங்க? இப்ப அனுப்ப முடியாது, நாலஞ்சு வருசம் போகட்டும், அவனே மனுப் போடட்டும்னு சொல்லிட்டாங்கல்லா? காசு குடுத்துப் போக நமக்கு ஏது வழி?"

"ஏழு வருசந்தான? கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள ஓடிரும். வந்துருவான்."

"அங்கேருந்து திரும்பி வந்தவன் ஒருத்தன் பேரச் சொல்லுங்க. இந்தக் கரை முழுக்க யோசிச்சுச் சொல்லுங்க."

கெசையா யோசித்தாள். போனவர்கள் பெயர் வந்தது. வந்தவர்கள் பெயர் வரவில்லை. தண்டனை முடிந்தாலும் திரும்பிவரக் கப்பல் கூலியை யார் கொடுப்பது? அவள் அடுத்த மட்டியை எடுத்து உடைத்தாள்.

"வேற ஊருக்கு அனுப்பிட்டா என்ன செய்வ?"

"இறங்கி நடந்து போயிக்கிடுதேன்."

"கடல்மேலயா நடப்ப?" என்று கேட்டுவிட்டு கெசையா எழுந்து அடுப்பைக் கிளறப் போனாள்.

டாமரிஸ் சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த வாரமே பாதிரியார் வீட்டு வேலியில் உலர்ந்துகொண்டிருந்த மேசைவிரிப்பை உருவி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாராவது பிடிக்கமாட்டார்களா என்று சாவகாசமாக நடந்தாள். யாரும் பிடிக்கவில்லை. கடைசியில் அவளே திரும்பிப் போய்ப் பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அம்மா, இதை நான் திருடிட்டேன்."

பாதிரியார் மனைவி அவளையும் முதுகில் இருந்த பிள்ளையையும் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா இது? வேணும்னா கேட்டிருக்கலாமே. நான் கொடுத்ததாவே வச்சுக்கோ."

"நீங்க குடுக்கலம்மா. நான் திருடினேன்."

"சரி, சரி. இந்த முட்டையையும் எடுத்துட்டுப் போ. ரொம்ப இளைச்சுப் போயிட்டே."

அடுத்தது பலசரக்குக் கடை ஒபதையா கிரேக். கஞ்சத்தனத்தில் பேர்போனவர், இரக்கத்தால் கெடுக்கமாட்டார் என்று நம்பி, அவர் கண்முன்னே ஒரு பாலாடைக்கட்டியை எடுத்துப் பாவாடைக்குள் போட்டாள். கிரேக் கையைப் பிடித்துவிட்டார். ஊரைக் கூட்டினார். தூக்கில் போடவேண்டும் என்றார். ஆனால் எங்கள் நாட்டில் திருட்டுக் கொடுத்தவரேதான் வழக்கு நடத்த வேண்டும். சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு பட்டணம் போய், குமாஸ்தாவுக்கு அழுது, சத்திரத்தில் தங்கி, கடையை மூடிவைத்துக் காத்துக் கிடக்க வேண்டும். கிரேக் மனத்துக்குள் அதைக் கூட்டிப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"உன்ன நாடு கடத்த என் காசா? கட்டிய வச்சிட்டு வெளிய போடி."

"வழக்குப் போடுங்கய்யா. திருடிய விட்டா நாளைக்கும் வருவேன்."

"வந்தா கதவச் சாத்திருவேன். போ!"

ஊர் இதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. "புருசன் போன துக்கத்துல கை தன்னால நீளுது, பாவம்" என்றார் எஸ்ரா. அவர் மனைவி ஜெருஷா ஒரு பாத்திரம் மீன்கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவளத் திட்டாத கெசையா. அறியாத பிள்ள" என்று சொல்லிப் போனாள்.

அவள் போனதும் கெசையா கதவைச் சாத்தினாள். உள்ளறையில் இருந்த பெட்டியைத் திறந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டாமரிஸ் அந்தப் பெட்டி திறந்து பார்த்ததில்லை. உள்ளே வெள்ளைத் துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசைவிரிப்பு, எல்லாம் மடிப்புக் கலையாமல், மூலையில் நீல நூலால் இரண்டு எழுத்துப் பின்னி. ஒன்று கெசையாவின் பெயரெழுத்து. மற்றது சைலஸ் என்கிறவனுடையது. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசித்த வாரம் கடலுக்குப் போன அவன் படகு திரும்பவில்லை.

"இதத் தூக்கிட்டுப் போயி பட்டணத்து அடகுக்கடையில வை" என்றாள் கெசையா.

"மதினி, இது..."

"இது என்னன்னு எனக்குத் தெரியாதா? நான்தான தச்சேன்." அவள் விரிப்புகளை வெளியே எடுத்து வைத்தாள். "பாலாடைக்கட்டிக்கும் மேசைத்துணிக்கும் என்னட்டி குடுப்பான்? மடியில பிள்ளையோட நிக்கவளப் பாத்தா மூணு மாசம் ஜெயில்ல போட்டு அனுப்பிருவான். பெறவு இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. ஏழு வருசம் வேணும்னா நீதிபதிக்கு வயிறு எரியணும். கல்யாணத்துக்குத் தச்சத நாத்தனார்கிட்டேருந்து திருடி வித்தான்னா எரியும்."

"நீங்களா வழக்குப் போடுவீங்க?"

"பெறவு? கிரேக்கா போடுவான்?"

டாமரிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கெசையா துணியை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டு கேட்டாள். "பிள்ளைய விட்டுட்டுப் போறியா?"

"பிள்ள இல்லாம அவுக முன்னால போயி நான் எப்படி நிப்பேன் மதினி?"

"சும்மா கேட்டேன்."

திர்சா முழித்துக்கொண்டு, விரிப்பின் நீல எழுத்தைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது. கெசையா அதைப் பிடுங்கவில்லை.

"இன்னொண்ணு கேட்டுக்க. கோர்ட்டுல நான் பேசுததக் கேட்டுச் சிரிச்சிராத, அழு. கப்பல் நங்கூரம் தூக்குத வரைக்கும் எனக்கும் உனக்கும் பேச்சு கிடையாது. யாருக்கும் மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா பொய்ச்சாட்சின்னு என்னப் பிடிச்சு உள்ள போட்டுருவான்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு மதினி இந்தப் பாடு?"

"நான் உள்ள போனாப் பரவாயில்லட்டி. உன்ன வெளிய விட்டுருவானே!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கடைசியும் அதுவே.

கோடைக்கு முன்னால் வழக்கு வந்தது. அடகுக்கடைக்காரர் அடையாளம் சொன்னார். டாமரிஸ் கூண்டில் பிள்ளையோடு நின்றாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பாதிரியார் மனைவி எழுந்தார். யாரும் அழைக்காமலே நெடுந்தூரம் வண்டியில் வந்திருந்தார். டாமரிஸ் நல்ல பெண் என்றார், உழைப்பாளி என்றார், கணவனைப் பிரிந்த ஏக்கத்தில் நிலை தடுமாறிவிட்டாள் என்றார். அவர் பேசப் பேச நீதிபதியின் முகம் இளகியது. டாமரிஸின் முகம் வெளுத்தது.

"நீ என்ன சொல்கிறாய்?" என்று நீதிபதி கெசையாவைக் கேட்டார்.

"அந்தம்மா தங்கமானவங்க ஐயா. அவங்க வேலியில கிடந்த விரிப்பையும் இவதான் எடுத்தா. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

சத்தியம் செய்துவிட்டுப் பேசியவர், பொய் சொல்ல முடியாது. பாதிரியார் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

"கிரேக் கடையிலயும் கை வச்சா. ஊரே பாத்துச்சு. ஒரு வாட்டி இல்ல ஐயா, இது அவ சுபாவம்." கெசையா கொஞ்சம் நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்லும்போது அவள் குரல் சத்தமாக வந்தது. "என் தம்பிய நீங்கதான் அனுப்பினீங்க. அவனும் திருடன்தான், இவளும் திருடிதான். ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை."

ஸ்கார்விக் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல் இல்லாததைத்தான் ரூபன் எடுத்தான் என்று ஒரு வருடமாக ஊரெல்லாம் சண்டை போட்டவள் அவள்.

நீதிபதி மேசைமேல் கிடந்த விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். "புதிதாக இருக்கிறதே. உபயோகிக்கவே இல்லையா?"

"இல்ல ஐயா. கட்டிக்கப் போனவன் கடலோட போயிட்டான்."

அன்று அவள் சொன்னதில் நெஞ்சிலிருந்து வந்தது அந்த ஒன்றுதான். அதற்குப் பிறகு ஜூரிகள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வருடம். டாமரிஸ் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பிள்ளை வீறிட்டது. அதைக் கேட்டு ஜெருஷாவும் அழுதாள்.

ஊர் திரும்பும் வண்டியில் கெசையாவுக்கு யாரும் இடம் விடவில்லை. நடந்தே வந்தாள்.

எங்கள் ஊரில் ஒருவரை ஒதுக்குவதற்குக் கூட்டம் போடத் தேவையில்லை. பாறைக்குப் போகும்போது பெண்கள் அவள் வாசலில் நின்று கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடவில்லை. எஸ்ராவின் படகுக்கு அவள் கோர்த்த கூடைகளை வாங்கிக்கொண்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. பாறையில் அவள் கூடை நிரம்பி நிற்கும். யாரும் தூக்கிவிட மாட்டார்கள். அவள் கூடையை ஒரு உயரமான பாறைக்கு உருட்டி ஏற்றி, அதன் கீழே குந்தித் தலையைக் கொடுத்து, பாறையைப் பிடித்துக்கொண்டு எழுவாள். இரண்டு தடவை வழுக்கிச் சிப்பியெல்லாம் தண்ணீரில் கொட்டியது. மறுபடியும் பொறுக்கினாள்.

பாதிரியார் மனைவி கருணை மனு எழுதிக்கொண்டு வந்தார். வழக்குப் போட்டவளே மன்னித்ததாகக் குறி போட்டால் தண்டனையைக் குறைக்கக்கூடும்.

"மாட்டேன்மா" என்றாள் கெசையா. கை மட்டியிலேயே இருந்தது.

"உனக்கு நெஞ்சே இல்லையா?"

"இருக்கும்மா. குறிதான் போட வரல."

"வெறும் கோடு இழுத்தாப் போதும்."

"அதுவும் வரல."

பாதிரியார் மனைவி கதவைச் சாத்திய சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டது. ஆனாலும் சில வாரங்களுக்குப் பிறகு அவர் பட்டணத்துச் சிறைக்குப் போகக் கிளம்பியபோது, கெசையா வழியில் ஒரு மூட்டையோடு நின்றிருந்தாள்.

"பிள்ளைக்கும்மா. யாரு குடுத்தான்னு சொல்ல வேண்டாம்."

அவர் அங்கேயே பிரித்துப் பார்த்தார். வெள்ளைத் துணியில் தைத்த சின்னச் சட்டைகள். ஒன்று திர்சாவுக்கு இப்போதே போடலாம். அடுத்தது கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. அடியில் இருந்ததைப் பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குப் போடலாம். வழக்கு முடிந்து திருப்பிக் கொடுத்த விரிப்பு முழுவதும் அந்த மூட்டைக்குள் இருந்தது.

"இவ்வளவு பெரிசெல்லாம் இப்ப எதுக்கு?" என்று கேட்டார்.

"வளருமில்லா அம்மா."

பாதிரியார் மனைவி அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மூட்டையை முன்பிருந்ததைவிட இறுக்கிக் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டார். கருணை மனுவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. மூட்டையைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

இலையுதிர் காலம் தொடங்கி மீன் நன்றாகப் படுகிற சமயம். எஸ்ரா ஒருநாள் கருவாட்டு வண்டியோடு பட்டணம் போய் வந்தார். அவள் வாசலில் நின்று, உள்ளே வராமல், காற்றிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"பொம்பளைக் கைதிங்க கப்பல் தேம்ஸை விட்டுப் போயிருச்சாம். சிட்னிக்கு. பிள்ளையும் தாயும் நல்லா இருக்காங்களாம், பாதிரியாரம்மா சொல்லச் சொன்னாங்க."

கெசையா கோர்த்துக்கொண்டிருந்த முள்ளைக் கோர்த்து முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய், டாமரிஸின் தூண்டில் கூடையைக் கயிறும் முள்ளுமாக எடுத்து வந்தாள். வாசல் சுவரோரம், தெருக்காரர்கள் கூடைகள் வைக்கிற வரிசையில், அதை வைத்தாள். ஆளில்லாத கூடையை யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துப்போவது வழக்கம். அவள் தெருவைத் தாண்டிப் போய், மணலில் தேடி, உருண்டையான ஒரு கல்லைத் தூக்கி வந்து கூடைமேல் வைத்தாள். அசைகிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

எஸ்ரா அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"கெசையா..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல." தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கடல் வற்றியபோது நல்ல காற்று. பெண்கள் பாறையில் அங்கங்கே குனிந்திருந்தார்கள். கெசையா தன் கூடை நிறைந்ததும் வழக்கம்போல் அதை உயரமான பாறைப்பக்கம் உருட்டினாள். குந்தித் தலையைக் கொடுக்கப் போகும்போது கூடை தானாக மேலே எழுந்தது.

"நேரா நில்லு. ஆட்டாத" என்றாள் ஜெருஷா பின்னாலிருந்து.

கெசையா நேராக நின்றாள். கூடை தலையில் இறங்கியது. சிப்பித் தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. ஜெருஷாவின் கூடையை வேறொருத்தி தூக்கிவிட, இருவரும் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டுப்பாதை ஏறினார்கள்.

"அங்க குளிருமா?" என்று பாதி தூரத்தில் கேட்டாள் ஜெருஷா.

"குளிராதாம். நமக்குப் பனி கொட்டும்போது அங்க வெயில் கொளுத்துமாம். உன் மருமகன்தான் சொல்லியிருக்கான்." கெசையா மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் அந்த நினைப்பு இல்லாம, சட்டைக்கெல்லாம் முழுக்கை வச்சுத் தச்சுட்டேன்."

"மடிச்சு விட்டுக்கிடுவா" என்றாள் ஜெருஷா.